பழகிப் பேச இடர்ப்படும் பிள்ளைகளும் நம் அன்றாட வாழ்வும்

பேச்சு என்பது நாவினால் மட்டும் நிகழ்வதன்று. ஒருவர் முகத்தை மற்றவர் நோக்குவதும், ஒருவர் சுட்டிய திசையில் மற்றவர் திரும்பிப் பார்ப்பதும், அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து தம் முறை வந்ததும் தாம் சொல்வதும், குரலின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே கோபத்தையும் கேலியையும் பிரித்தறிவதும் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே பேச்சு. பெரும்பாலான குழந்தைகளுக்கு இவற்றை யாரும் கற்பிப்பதில்லை. ஓராண்டு நிரம்பும் பருவத்தில் குழந்தை வானத்து நிலவை நோக்கி விரலை நீட்டுகிறது, நீட்டிய கையோடு, "நீயும் பார்த்தாயா?" என்று கேட்பதுபோல் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. அப்போது அதற்கு ஒரு சொல்லும் தெரியாது. எனினும் உரையாடல் தொடங்கிவிட்டது. சில குழந்தைகளுக்கோ இவ்வொழுங்கு தானாக வருவதில்லை. அத்தகைய பிள்ளைகளைப் பற்றியும், அவர்களுக்காக வீட்டிலும் பள்ளியிலும் நாம் நாள்தோறும் செய்யக்கூடியவை பற்றியும் ஈண்டு எழுதுகிறோம்.

இப்பிள்ளைகள் அனைவரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். ஒருவன் நான்கு வயதாகியும் வாய் திறப்பதில்லை. தனக்கு வேண்டிய பொருள் இருக்கும் இடத்திற்குப் பெரியவர்களின் மணிக்கட்டைப் பற்றி இழுத்துச் செல்வான். மற்றொருத்தி தொலைக்காட்சி விளம்பரத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவிப்பாள், "உன் பெயர் என்ன?" என்று கேட்டால் மட்டும், "உன் பெயர் என்ன?" என்றே திருப்பிச் சொல்வாள். வேறொருவன் ஓயாமல் பேசுவான். அப்பேச்செல்லாம் லாரிகளைப் பற்றியே இருக்கும். கேட்பவர் கொட்டாவி விடுவதும் எழுந்துபோக முற்படுவதும் அவன் கருத்தில் படுவதில்லை. இன்னும் சிலர் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குவர். ஓய்வு நேரம் வந்துவிட்டால் தனியே சுவரோரமாக நடந்துகொண்டிருப்பர்.

சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வதும் இவர்களுள் பலரிடம் காணப்படும் இயல்பு. நம் தமிழ்ப் பேச்சிலோ சொல்வது ஒன்றும் கருதுவது வேறொன்றுமாக எத்தனையோ உள்ளன. விடைபெறுபவர் "போகிறேன்" என்று சொல்லமாட்டார். "போய் வருகிறேன்" என்பார். தாய்மாமன் அவ்வாறு சொல்லிச் சென்ற பின், இதோ வந்துவிடுவார் என்று வாசற்படியில் மணிக்கணக்காக அமர்ந்திருக்கும் பிள்ளை உண்டு. "கொஞ்சம் காதைக் கொடு" என்றால் தன் காதைப் பிடித்துக்கொண்டு விழிக்கும் பிள்ளையும் உண்டு. சூழ நிற்போர் சிரிக்கிறார்கள். அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்பது பிள்ளைக்கு விளங்குவதில்லை. தன்னை நோக்கித்தான் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் நன்றாக விளங்குகிறது.

தோட்டத்திலும் சரி, பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலும் சரி, இத்தகைய பிள்ளைகளுக்கு நம்மவர் பெயர் சூட்டத் தயங்குவதில்லை. மரியாதை தெரியாதவன், திமிர் பிடித்தவள், ஊமைக்கோட்டான், செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை என்பன அவற்றுட் சில. வீட்டிற்கு வந்தவரை "வாங்க மாமா" என்று அழைக்காத பிள்ளை, வளர்ப்புச் சரியில்லாத பிள்ளை என்பதே ஊரார் தீர்ப்பு. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரியவர்கள் முன்னே தலை தாழ்ந்து நிற்பதை நாம் அடக்கம் எனப் போற்றுகிறோம். ஆதலால், யார் முகத்தையும் நோக்காத பெண்குழந்தை நம்மிடையே "நல்ல பிள்ளை" என்ற பாராட்டோடு வளர்ந்துவிடுகிறாள். அவள் படும் இடர் ஒருவர் கண்ணிலும் படாமற் போகிறது.

மருத்துவ உலகம் இந்நிலைகளுக்குப் பல பெயர்கள் இட்டுள்ளது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் என்னும் குழந்தை மனநல மருத்துவர், 11 பிள்ளைகளைக் கண்டு ஆராய்ந்து 1943ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையினாலேயே ஆட்டிசம் பரவலாக அறியப்பட்டது. தமிழில் இதனை மதியிறுக்கம் என்று எழுதுவோர் உளர். அச்சொல் நமக்கு உவப்பாக இல்லை. அப்பிள்ளைகளின் மதி இறுகிப் போனதன்று. அது வேறு வழியில் ஓடுகிறது. ஆகவே ஆட்டிசம் என்றே இங்கு எழுதுவோம். உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டிற்குச் செய்த மதிப்பீட்டின்படி, 127 பேரில் ஒருவர் இந்நிலையுடையவர். ஆட்டிசம் இல்லாமலே பழகிப் பேசுவதில் மட்டும் இடர்ப்படுவோரும் உளர்; அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013ஆம் ஆண்டில் அதற்கெனத் தனிப்பெயர் ஒன்றை ஏற்படுத்தியது. இவையன்றி, மொழியைக் கற்பதிலேயே இடர்ப்படும் பிள்ளைகள், 30 பேர் கொண்ட வகுப்பொன்றில் இருவர் அளவில் இருப்பர் என்பது இங்கிலாந்து ஆய்வாளர் கணக்கு. ஆகவே இஃது எங்கோ யாருக்கோ நேர்வதன்று. நம் வகுப்பறைகளிலேயே அப்பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் யாது? நம் வீடுகளில் இக்கேள்வி பெரும்பாலும் தாயை நோக்கியே எறியப்படுகிறது. பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு வேலைக்குப் போனாள், கர்ப்பகாலத்தில் கோபப்பட்டாள், பிள்ளையிடம் பாசம் போதவில்லை என்றெல்லாம் மாமியாரும் அண்டை வீட்டாரும் காரணம் காட்டுவர். படிப்பறியாதவர் மட்டும் இவ்வாறு பேசினர் என்று எண்ணற்க. மேனாட்டு அறிஞர்களே ஒரு காலத்தில் இத்தவற்றைச் செய்தனர். தாயின் உள்ளம் குளிர்ந்து உறைந்திருப்பதே ஆட்டிசத்திற்குக் காரணம் என்னும் கொள்கை 1950களிலும் 1960களிலும் செல்வாக்குடன் விளங்கியது. புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967இல் அதனை ஒரு பெருநூலாகவே எழுதினார். எத்தனையோ தாய்மார் அப்பழியைச் சுமந்தே முதுமை எய்தினர். ஆட்டிசமுள்ள மகனைப் பெற்ற பெர்னார்டு ரிம்லண்டு என்னும் உளவியலறிஞர் 1964ஆம் ஆண்டிலேயே, இது மூளையின் அமைப்பினால் வருவது என எடுத்துரைத்திருந்தார். 1977இல் சூசன் போல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் 21 இரட்டையர்களை ஆராய்ந்து, பரம்பரைக் கூறு இதில் பெரும்பங்கு கொண்டிருப்பதைக் காட்டினர். அதன்பின் வந்த ஆய்வுகளும் அதனையே உறுதி செய்தன. தாயின் பாசக் குறைவினால் இந்நிலை வருவதில்லை. மூன்று மணி நேரம் வேலைக்குச் சென்றாலும், முப்பது நாளும் வேலைக்குச் சென்றாலும் இதுவே உண்மை.

தடுப்பூசியினால் வருகிறது என்ற பேச்சும் உண்டு. 1998இல் 12 பிள்ளைகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட ஓர் ஆங்கிலக் கட்டுரையிலிருந்து அது கிளம்பியது. அக்கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பல நாடுகளில் இலட்சக்கணக்கான பிள்ளைகளைக் கொண்டு செய்த ஆய்வுகளில் அத்தகைய தொடர்பு ஏதும் காணப்படவில்லை. இதனை நம்பித் தடுப்பூசி போடாமல் விடுவதால் தட்டம்மைதான் வரும்.

இனி, செய்ய வேண்டியது யாது என்பதற்கு வருவோம். பெற்றோர் பலர், இதற்கென எங்கோ ஒரு மருந்து உண்டு, அல்லது கோலாலம்பூரில் எங்கோ ஒரு வல்லுநர் உளர், அவரிடம் பிள்ளையை ஒப்படைத்தால் பேச வைத்துத் திருப்பித் தந்துவிடுவார் என எண்ணுகின்றனர். வல்லுநர் துணை வேண்டியதே. அதனை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் பேச்சுப் பயிற்சியாளர் மாதத்தில் ஓரிரு மணி நேரமே பிள்ளையோடு இருக்கிறார். எஞ்சிய நேரமெல்லாம் பிள்ளை நம்மோடு இருக்கிறது. பழகிப் பேசும் திறன் வளர்வது அந்நேரத்தில்தான். அதுவும் பாடம் நடத்துவதால் அன்று, குளிப்பாட்டுதல், சோறூட்டுதல், துணி மடித்தல் போன்ற அன்றாட அலுவல்களுக்கு இடையே பிள்ளைக்கு அதன் முறையை நாம் விட்டுக்கொடுப்பதால்.

இது வெறும் நம்பிக்கையன்று. 2010ஆம் ஆண்டில் இங்கிலாந்து ஆய்வாளர்கள், ஆட்டிசமுள்ள 152 சிறு குழந்தைகளைக் கொண்டு செய்த பெரிய ஆய்வொன்றின் முடிவை வெளியிட்டனர். பயிற்சி பிள்ளைகளுக்கன்று, பெற்றோர்க்கே அளிக்கப்பட்டது. பெற்றோரும் பிள்ளையும் விளையாடுவதைப் படமெடுத்து, அதனைப் பெற்றோர்க்கே போட்டுக் காட்டினர். பிள்ளை ஒரு சிறு அசைவினால் பேச முற்பட்ட இடங்களையும், அதனைக் கவனியாமல் பெற்றோர் கடந்துபோன இடங்களையும் அவர்கள் தம் கண்ணாலேயே கண்டனர். பின்னர் வீட்டில் நாள்தோறும் ஏறத்தாழ அரைமணி நேரம் அவ்வண்ணம் பழகினர். முதற்கட்ட முடிவில் பெற்றோர் பிள்ளைக்கு இசைந்து நடப்பது நன்கு வளர்ந்திருந்தது. பிள்ளைகளிடம் கண்ட மாற்றம் சிறிதளவே. ஆனால் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகளை மீண்டும் பார்த்தபோது, பயிற்சி பெற்ற குடும்பத்துப் பிள்ளைகளின் இடர்கள் மற்றவர்களினும் தணிந்திருந்தன. இம்முடிவு 2016இல் வெளிவந்தது. அதே ஆண்டில் இன்னோர் ஆய்வும் வெளிவந்தது. இந்தியாவில் கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும், 65 பிள்ளைகளின் குடும்பங்களில் இம்முறையைச் சற்று மாற்றிச் செய்து பார்த்தனர். அங்குப் பெற்றோர்க்குப் பயிற்சியளித்தவர்கள் பட்டம் பெற்ற வல்லுநர்கள் அல்லர். அதற்கெனப் பழக்கப்பட்ட சாதாரணச் சுகாதார ஊழியர்களே. அங்கும் பிள்ளைகள் தாமாகவே பேச்சைத் தொடங்குவது மிகுந்தது. ஆட்டிசம் "குணமாயிற்று" என இவ்வாய்வுகள் கூறவில்லை. அது குணப்படுத்த வேண்டிய நோயுமன்று. பிள்ளைக்கும் பிறருக்கும் இடையே உள்ள பாதை அகலமாயிற்று என்பதே செய்தி.

"விடியுமுன் பெரட்டுக்குப் போய், செம்பனைக் காட்டில் உழைத்துவிட்டு வருகிறோம். அரைமணி நேரத்திற்கு எங்கே போவது?" எனக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்போரும் இதையே கேட்பர். அதற்கெனத் தனி நேரம் ஒதுக்க வேண்டும் என நாம் சொல்ல வரவில்லை. செய்துகொண்டிருக்கும் வேலையையே சற்று மெதுவாகச் செய்தால் போதும்.

மாலையில் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறோம். தண்ணீரை ஊற்றுமுன் "ஒன்று, இரண்டு, மூன்று!" என்று சொல்லி மூன்றில் ஊற்றுக. நாள்தோறும் இவ்வாறே செய்க. பத்துப் பதினைந்து நாள் கழித்து, "ஒன்று, இரண்டு" என்று சொல்லி நிறுத்திவிடுக. குவளையை உயரப் பிடித்தபடியே பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க. பிள்ளை நிமிர்ந்து பார்க்கலாம், கையை ஆட்டலாம், "ம்" என்னலாம், "மூணு" என்றே சொல்லிவிடலாம். எது வந்தாலும் அதுவே அதன் பதில். உடனே மகிழ்ச்சியோடு தண்ணீரை ஊற்றுக. தான் ஒன்று செய்தால் எதிரில் இருப்பவர் ஒன்று செய்வார் என்ற உண்மையை அக்குழந்தை அந்நொடியில் அறிகிறது. உரையாடலின் வேர் அதுவே.

நம் பாட்டிமார் இவ்வித்தையை நன்கறிந்திருந்தனர். குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை ஊன்றிப் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு பங்கிட்டு, பின்னர் நண்டு ஊர்வதுபோல் இரு விரல்களை மணிக்கட்டிலிருந்து மெல்ல மெல்ல மேலே நடத்திக் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டை அறியாதார் நம்முள் யார்? அவ்விளையாட்டின் உயிர், கிச்சுக்கிச்சு மூட்டுவதில் இல்லை. அதற்கு முன்னே விரல் சற்று நிற்கிறதே, அந்த இடத்தில் இருக்கிறது. குழந்தை மூச்சை அடக்கிக்கொண்டு பாட்டியின் முகத்தைப் பார்க்கும். வேறு எதற்கும் முகம் பார்க்காத குழந்தையும் அதற்குப் பார்க்கக்கூடும். "என் முகத்தைப் பார்" என்று மோவாயைப் பிடித்துத் திருப்புவதால் இவ்வாறு வாராது. அவ்வாறு திருப்புவது சில பிள்ளைகளுக்கு உடல் நோவைப் போன்றே துன்பம் தருவதாகும். பேரப்பிள்ளைக்குக் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி அமர்ந்திருக்கும் பாட்டிமாரை இவ்விளையாட்டிற்கு மீண்டும் அழைக்க வேண்டும். கைப்பேசியால் ஆட்டிசம் வருவதில்லை. ஆனால் அது யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பிள்ளை பேசினாலும் பேசாவிட்டாலும் தன்போக்கில் பாடிக்கொண்டே இருக்கிறது.

காத்திருத்தல் எளிதாகத் தோன்றும். செய்து பார்த்தால் கடினம். மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வியாளர், ஆசிரியர்கள் வினா எழுப்பியபின் மாணவர் விடைக்காக எவ்வளவு நேரம் பொறுத்திருக்கின்றனர் என்பதை 1970களில் அளந்து பார்த்தார். ஒரு நொடிக்கு மேல் பலர் பொறுக்கவில்லை. அதனையே மூன்று நொடியாக நீட்டியபோது, வழக்கமாக வாய் திறவாத மாணவரும் விடை சொல்லலாயினர். நல்ல செவியும் நல்ல நாவும் உடைய பிள்ளைகளுக்கே இவ்வாறெனின், கேட்ட சொல்லைப் பொருளாக்கவும் நினைத்த பொருளைச் சொல்லாக்கவும் கூடுதல் நேரம் வேண்டும் பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும்! ஒன்று சொன்னபின் மனத்திற்குள் பத்து வரை எண்ணுக. அதற்குள் அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்கற்க; பிள்ளை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகும்.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. பேச்சுக் குறைந்த பிள்ளையைக் கண்டால் நாம் தேர்வதிகாரிகள் ஆகிவிடுகிறோம். "இது என்ன? என்ன நிறம்? மாட்டுக்கு எத்தனை கால்? மாமாவுக்கு ஏ, பி, சி சொல்லிக் காட்டு!" விருந்தினர் வந்தால் இத்தேர்வு இன்னும் கடுமையாகிறது. இவற்றுக்கெல்லாம் விடை நமக்கே தெரியும்; தெரிந்தும் கேட்கிறோம் என்பது பிள்ளைக்கும் தெரியும். அதைவிட, பிள்ளை எதனைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அதன் அருகே சென்று அமர்ந்து, அதனைப் பற்றி ஓரிரு சொற்கள் சொல்லுக. மின்விசிறி சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால், "சுத்துது… சுத்துது… நின்னுடுச்சு" என்று சொன்னால் போதும். தன் உலகிற்குள் ஒருவர் வந்து அமர்ந்தார் என்பதை அறிந்த பிள்ளையே, பிறர் உலகை எட்டிப் பார்க்கத் துணியும். லாரியைப் பற்றியே பேசும் சிறுவனிடம் லாரியைப் பற்றியே பேசுக, இடையே, "நான் பார்த்த லாரியில் பனங்குலை இருந்தது, நீ பார்த்ததில்?" என்று ஒரு முறையை அவனுக்கும் ஒரு முறையைத் தமக்கும் வகுத்துக்கொள்க.

வேண்டியதை எல்லாம் பிள்ளை கேட்குமுன்னே கொடுத்துவிடும் அன்னையரும் உளர். அஃது அன்பே; ஆயினும் பிள்ளைக்குக் கேட்க வேண்டிய தேவையே இல்லாமற் செய்துவிடுகிறது. பிஸ்கட் டின்னின் மூடியை இறுக மூடிப் பிள்ளையின் கையில் கொடுங்கள். திறக்க முடியாமல் உங்களிடம் நீட்டுவான். அந்த நீட்டலும் ஒரு சொல்லே. "திற" என்று நீங்கள் அவனுக்காகச் சொல்லிவிட்டுத் திறந்து கொடுங்கள். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். "சொன்னால்தான் தருவேன்" என்று பசித்த பிள்ளையின் முன்னே சோற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது பயிற்சியாகாது. அது கொடுமை.

திருப்பிச் சொல்லும் பிள்ளைகளைப் பற்றியும் கூற வேண்டும். தாகம் எடுத்த சிறுமி, "தண்ணி வேணுமா?" என்று தாயிடம் கேட்பாள். தாய்க்குத்தான் தாகம் என்று அவள் எண்ணுவதாகக் கொள்ளற்க. அச்சொல் ஒலித்தபோதெல்லாம் தண்ணீர் வந்தது; ஆகவே தண்ணீரை வரவழைக்கும் சொல் அதுவென்று அவள் முழுச் சொற்றொடராகவே எடுத்து வைத்திருக்கிறாள். இதனைக் கேலி செய்வதோ, "ஒழுங்காகச் சொல்" என்று அதட்டுவதோ வேண்டா. அவள் சொல்ல வேண்டியதை அவள் நாவிலிருந்து வருவதுபோல் நாம் சொல்லிக் காட்ட வேண்டும். "தண்ணி வேணும்" என்று சொல்லிக்கொண்டே குவளையைக் கொடுத்தால், நாளடைவில் அதுவே அவள் சொல்லாகும். இவ்வாறு திருப்பிச் சொல்வது பொருளற்ற ஒலி எனப் பலர் நினைக்கின்றனர். பல பிள்ளைகளுக்கு அதுவே மொழியின் முதற்படி.

எந்த மொழியில் பேசுவது? நம் சமுதாயத்தில் இக்கேள்விக்குத் தவறான விடை மிக எளிதாகக் கிடைக்கிறது. "பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையா? மூன்று மொழி கேட்டுக் குழம்பிவிட்டது. தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள்" என்று உறவினரும் நண்பரும், ஒரோவழி படித்தவர்களும் அறிவுரை கூறுகின்றனர். இதற்கு அடிப்படை இல்லை. இரு மொழிகள் வழங்கும் வீட்டில் வளரும் ஆட்டிசப் பிள்ளைகள், ஒரே மொழி வழங்கும் வீட்டில் வளரும் ஆட்டிசப் பிள்ளைகளைவிடப் பேச்சில் பின்தங்குவதில்லை என்பதைப் பல நாட்டு ஆய்வுகளும் காட்டியுள்ளன. அறிவுரையின்படி நடந்தால் விளைவதைச் சற்று எண்ணிப் பாருங்கள். தாயின் தாலாட்டும் கொஞ்சலும் கண்டிப்பும் தமிழில் உள்ளன; அவளுக்குத் தெரிந்த ஆங்கிலமோ "கம்", "சிட்", "நோ", "ஈட்" என நாலைந்து சொற்கள். தமிழை நிறுத்தினால் அப்பிள்ளை இந்நாலு கட்டளைகளைக் கேட்டே வளரும். பாட்டி தாத்தாவோடு ஒரு சொல்லும் பேச இயலாது. வீட்டில் மற்றவர்கள் தமிழில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, ஏற்கெனவே தனித்திருக்கும் பிள்ளை இன்னும் தனித்துப் போகும். பயிற்சியாளர் மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசட்டும். அவர் கற்பித்த முறையை வீட்டில் தமிழில் செய்யலாம். காத்திருப்பதற்கு மொழி ஏது?

திருவிழாவும் தீபாவளியும் இப்பிள்ளைகளுக்குச் சோதனைக் காலங்கள். ஒலிபெருக்கி, உறுமி மேளம், பட்டாசு, திடீரெனக் குவியும் கூட்டம் ஆகியவற்றைச் சிலருடைய செவியும் உடலும் தாங்குவதில்லை. முதல் நாளே, நாளை எங்கே போகிறோம், யார் வருவார், எப்போது திரும்புவோம் என்பதைப் படம் வரைந்து காட்டுக. கோயில் வாசலில் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையை அடித்து இழுத்துச் செல்லும் தந்தையரைக் காண்கிறோம். அப்பிள்ளை அடத்தினால் அழவில்லை, அச்சத்தினால் அழுகிறது. சற்றுத் தள்ளி மரநிழலில் நிற்பதால் சாமி குற்றம் ஏதும் வந்துவிடாது. தந்தையர்க்கு மேலும் ஒரு சொல்: இது தாயின் வேலை என ஒதுங்கற்க. மோட்டார் சைக்கிளைக் கழுவும்போது பிள்ளையிடம் ஒரு துணியைக் கொடுத்து, "நான் இந்தச் சக்கரம், நீ அந்தச் சக்கரம்" என்றால் அதுவும் பயிற்சியே. கடைக்காரரிடம், "பிள்ளை காசு கொடுப்பான், சற்றுப் பொறுங்கள் அண்ணே" என்று முன்னதாகச் சொல்லி வைத்தால், அவரும் ஓர் ஆசிரியர் ஆகிவிடுவார்.

மாணவச் செல்வங்களே, இப்பகுதி உங்களுக்காக எழுதுவது. ஓய்வு நேரத்தில் தனியே இருக்கும் தோழனை நீங்கள் அறிவீர்கள். அவனுக்கு விளையாட விருப்பமில்லை என்று நினைத்திருப்பீர்கள். பெரும்பாலும் அவனுக்கு விருப்பம் உண்டு; எவ்வாறு வந்து சேர்வது என்பதே தெரியாது. "வா, விளையாடலாம்" என்று தொலைவிலிருந்து கூவினால் அவனுக்குப் புரியாமற் போகலாம். அருகில் சென்று, பெயரைச் சொல்லி அழைத்து, "நீ இங்கே நில். பந்து வந்தால் எனக்கு எறி" என்று தெளிவாகச் சொல்லுங்கள். உடனே செய்யாவிட்டால் பொறுங்கள். கெட்ட சொற்களைக் கற்றுக்கொடுத்து ஆசிரியரிடம் சொல்லச் செய்து சிரிப்பதைச் சிலர் வேடிக்கையாகக் கருதுகின்றனர். அவன் உங்களை நம்பியே அதைச் சொன்னான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆட்டிசமுடையவரும் தம் மகனும் அத்தகையவனுமான டேமியன் மில்ட்டன் என்னும் ஆய்வாளர் 2012இல் ஒரு கருத்தை எழுதினார்: அவர்களுக்கு நம்மைப் புரிவதில்லை என்று மட்டும் சொல்கிறோமே, நமக்கும் அவர்களைப் புரிவதில்லை அல்லவா என்று. ஆகவே பாதி வேலை நம்முடையது. எல்லா நாளும் அவனோடு விளையாட வேண்டும் என்பதில்லை. அவன் தனியே இருக்க விரும்பும் நாளும் உண்டு. கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடலாம்.

பிள்ளையிடம் ஐயம் தோன்றினால் காத்திருக்கலாகாத காரியம் ஒன்று உண்டு. அதுவே மருத்துவரிடம் காட்டுவது. "அவன் அப்பனும் ஐந்து வயதில்தான் பேசினான்" என்று சொல்லி ஆண்டுகளைக் கழிக்கின்றனர். நாவில் வசம்பு தேய்க்கின்றனர், பத்துமலைக்கு நேர்ந்துகொள்கின்றனர். நேர்த்திக்கடன் நேர்த்திக்கடனாகவே இருக்கட்டும். அதனால் கிளினிக்குக்குப் போவதைத் தள்ளிப் போடற்க. முதலில் செவி கேட்கிறதா என்பதைச் சோதிக்க வேண்டும். செவிக் குறைவினாலேயே பேச்சு வாராத பிள்ளைகள் உளர். நம் நாட்டு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் ஒன்றரை வயதுக் குழந்தைகளுக்கு இதற்கெனக் கேள்வித்தாள் ஒன்று உண்டு. குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டைக் கொண்டு சென்றால் தாதியர் கேட்டு நிரப்புவர். மருத்துவர் உறுதி செய்தபின் சமூக நலத்துறையில் பதிந்து ஓ.கே.யு. அட்டை பெறலாம். அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என அஞ்சிப் பலர் வாங்காதிருக்கின்றனர். முத்திரையை ஊரார் எப்போதோ குத்திவிட்டனர். அட்டை தருவது உரிமையை. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இப்பிள்ளைகளின் கல்வி உரிமையை ஏற்கிறது. 2019 முதல், சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளிகள் சேர்க்க மறுத்தலாகாது என்பது கல்வியமைச்சின் கொள்கை.

கிளினிக்குக்குச் செல்லுமுன் ஒரு வாரம், ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் குறித்து வாருங்கள்: பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா, எதையேனும் விரலால் சுட்டுகிறானா, வேண்டியதை எவ்வாறு கேட்கிறான், எதற்கு அஞ்சுகிறான், எதற்குச் சிரிக்கிறான், எந்தச் சொல் இருந்து பின் மறைந்தது. எழுதத் தெரியாவிட்டால் மூத்த பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். மருத்துவர் அறையில் இருக்கும் பத்து நிமிடத்தில் பிள்ளை மேசைக்கடியில் ஒளிந்துகொண்டாலும், அப்புத்தகத்தை எடுத்து நீட்டலாம்.